ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லை, கண்டி மறைமாவட்டத்தில் உள்ளவர்கள் உதவுங்கள்

பதிவுத் திருமணம் முடிந்து கைக்குழந்தையும் இருக்கிறது. கோயிலில் திருமணத்தை ஒழுங்குபடுத்திவிட்டுப் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் கொடுக்க ஆசைப்படுகிறோம். திருமணத்துக்குக் கடைசி 6 மாதத்துக்குள் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள். கணவருடையது கைக்கு வந்துவிட்டது. என்னுடையதுதான் இல்லை.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1998இல், மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்துச் சிற்றாலயத்தில். சிற்றாலயத்தில் கொடுத்தாலும் பதிவது தாய்ப்பங்கின், அதாவது அந்தச் சிற்றாலயம் சேர்ந்த பங்குக் கோயிலின் ஏட்டில்தான். அங்கே அந்த வருடத்துப் பக்கங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, மை பரவிக் கிடக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் வேறு எழுத்தில் இருப்பதால் இரண்டு எழுத்திலும், ஞானஸ்நானத்தில் வைத்த புனிதரின் பெயரிலும் தேடியாயிற்று. பிறகு பிரிந்த பக்கத்துப் பங்கிலும் இல்லை. உறுதிபூசுதல் ஏட்டில் என் பெயர் இருக்கிறது, ஞானஸ்நானத் திகதி எழுதும் இடம் மட்டும் வெறுமை.

ஞானஸ்நானத்தில் உடனிருந்த ஞானத்தாய் தலவாக்கலையில் இருக்கிறார், சாட்சி சொல்லத் தயார். யாருக்கும் பாதகம் வராதென்றால் நம்பத்தகுந்த ஒரு சாட்சி போதும் என்று திருச்சபைச் சட்டம் 876 சொல்கிறது. நிபந்தனையோடு மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள் சிலர். அது விசாரித்த பிறகும் சந்தேகம் தீராதவர்களுக்கு. பெற்றது நிச்சயம் என்னும்போது எனக்கு அதில் சம்மதமில்லை.

இப்படிச் செய்து முடித்தவர்கள் சொல்லுங்கள்: ஞானத்தாய் பங்குத்தந்தை முன்னால் எழுதிக் கையொப்பமிட்டால் போதுமா, இல்லை சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து ஆயர் இல்லத்துக்குக் கொடுக்க வேண்டுமா?