இன்சுலேஷனுக்கு எந்தச் சொல்: காப்பா, உறையா, காவலா?

அனுப்பியவர்: ஐடிஐ பயிற்றுநர், தூத்துக்குடி

அனைவருக்கும் வணக்கம்.

ஐடிஐயில் எலெக்ட்ரீசியன் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்காக வயரிங் பாடக் குறிப்பைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இன்சுலேஷன் என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

போன மாதம் நடந்தது இது. என் பழைய குறிப்பில் நான்காம் பக்கத்தில், "செம்பின் மேல் பிவிசி போர்த்திய கம்பி காப்புக்கம்பி" என்று எழுதியிருந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் எர்த் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) பற்றி எழுதும்போது, "காப்புக்கம்பியை இரும்புப் பெட்டியின் உடலோடு இணைக்கவும்" என்றும் எழுதியிருந்தேன். இரண்டும் என் கையெழுத்துதான். ஒரு பையன் கரண்ட் வரும் சிவப்பு வயரைக் கொண்டுபோய்ப் பெட்டி உடலில் முறுக்கிவிட்டான். நான் மெக்கர் (இன்சுலேஷனின் தடையை அளந்து காட்டும் கருவி) வைத்துப் பார்க்காமல் யாரும் சுவிட்சைப் போடக்கூடாது என்பது எங்கள் வகுப்பில் சட்டம். 500 வோல்ட்டில் சோதித்தால் ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டிய முள் பூச்சியத்தில் கிடந்தது. அதனால் தப்பித்தோம். "சார், நீங்க எழுதினதைத்தான் செஞ்சேன்" என்றான். அவன் சொன்னது சரி. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

எனக்கு மூன்று சொற்கள் வேண்டும். கடத்தியை ஒட்டி மின்சாரத்தை வெளியே விடாமல் நிறுத்தும் பொருளுக்கு ஒன்று. அதற்கும் மேலே, தேய்மானத்துக்கும் ஈரத்துக்கும் ஈடு கொடுக்கப் போடும் ஷீத்துக்கு ஒன்று. எர்த் கம்பிக்கு ஒன்று. எந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பக்கூடாது. உதவுங்கள்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மாணவன் பிழை செய்யவில்லை, தொகை செய்த வேலை அது. காப்புக்கம்பி என்பதைக் "காப்பை உடைய கம்பி" என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, தயிர்க்குடம் போல. "காப்புக்கு உரிய கம்பி" என்று விரித்தால் நான்காம் வேற்றுமை. முதலாவது உங்கள் சிவப்பு வயர், இரண்டாவது எர்த். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கும், மின்சாரம்தான் அனுமதிக்காது. ஆகவே தொகையாக எழுதவே எழுதாதீர்கள். "காப்பிட்ட கம்பி" என்று விரித்து எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலர் "உறைகம்பி" என்று எழுதுகிறார்கள். வல்லினம் மிகாமல் எழுதினால் அது வினைத்தொகை ஆகிவிடும். உறைபனி போல உறைந்த, உறைகின்ற, உறையும் கம்பி என்று பொருள்படும். உறையை உடைய கம்பி என்றால் "உறைக்கம்பி" என்று க் மிக வேண்டும்.

கேட்டதால் சொல்கிறேன், பழந்தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது. பொருநராற்றுப்படையில் யாழை வருணிக்கும் இடத்தில், பத்தர் (யாழின் குடம் போன்ற அடிப்பகுதி) மேல் இழுத்துக் கட்டிய தோல் போர்வைக்குப் "பச்சை" என்று பெயர். விசியுறு பச்சை, அதாவது இறுக்கிக் கட்டிய தோல். உள்ளே இருப்பதை இடைவெளியின்றிப் போர்த்தி இறுகப் பிடித்திருப்பது. இன்சுலேஷன் செய்வதும் அதைத்தானே?

அனுப்பியவர்: வயரிங் ஒப்பந்ததாரர், மதுரை

ஐயா, உங்கள் புலமையை வணங்குகிறேன். ஆனால் பச்சை மட்டும் வேண்டாம். எர்த் வயரின் நிறமே பச்சை. "சிவப்பு வயரின் பச்சையைச் சீவு" என்று என் ஆளிடம் சொன்னால் அவன் எந்த வயரைச் சீவுவான்?

முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கடையில் போய் "ஒன்றரை ஸ்கொயர் ஒரு காயில், ரெண்டரை ஸ்கொயர் ரெண்டு காயில்" என்றுதான் கேட்கிறோம். ஸ்கொயர் என்றால் செம்பின் பருமன், சதுர மில்லிமீட்டரில். 90 மீட்டர் சுருள். லைட்டுக்கு ஒன்றரை, பவர் பிளக்குக்கு ரெண்டரை, ஏசிக்கும் கீசருக்கும் நாலு. வயரின் "தோல்" என்போம், தோலைச் சீவு என்போம். ஏட்டில் எழுதும்போது "இன்சுலேஷன்" என்று தமிழ் எழுத்திலேயே போட்டால் என்ன குறை? பேருந்து வருவதற்கு முன்னால் பஸ் ஓடவில்லையா?

தோல் என்ற பேச்சைக் கேட்டுவிட்டு அதை வெறும் சட்டை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், அதற்கு என்ன கவலை? சாதாரண பிவிசி 70 டிகிரி வரைதான் தாங்கும், எக்ஸ்எல்பிஇ என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் என்றால் 90. தோல் இளகாமல் இருக்கிற வரைக்கும்தான் வயருக்கு உயிர். வயர் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியே தோல் எவ்வளவு சூடு தாங்கும் என்ற கேள்விதான். பத்து வயரை ஒரே பைப்பில் திணித்தால் சூடு வெளியேற வழி இல்லாமல் எல்லாவற்றின் தோலும் கெடும். இதைப் புரியவைக்கிற சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

அனுப்பியவர்: இயற்பியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

வணக்கம். இலங்கையில் இந்தச் சிக்கல் எங்களுக்கு இல்லை. எங்கள் பாடநூல்களில் மின்னைக் கடத்துவது கடத்தி, கடத்தாதது காவலி. கம்பி என்றால் காவலிடப்பட்ட கம்பி. சிறு வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்கு இது பழக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அரிதிற்கடத்தி, மின்கடத்தாப் பொருள், மின்காப்பு என்று வகுப்புக்கு வகுப்பு பெயர் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மின்காப்பு என்று மேல் வகுப்பில் மின்தேக்கியின் தகடுகளுக்கு இடையே வைக்கும் பொருளைச் சொல்கிறீர்கள். அதையே வயருக்கும் சொன்னால் இன்னொரு குழப்பம் வராதா?

காவலி என்று எடுத்துக்கொண்டால் உங்கள் காப்புச் சிக்கல் வேரோடு போய்விடும். இன்சுலேஷன் காவல், எர்த் புவித்தொடுப்பு. இரண்டிலும் ஒரு எழுத்துக்கூட ஒத்துவராது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சொல் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, கடத்து என்ற வினையோடு இகரம் சேர்ந்து கடத்தி, உருகு என்பதிலிருந்து உருகி. காவல் வினை அன்று, தொழிற்பெயர். அதன்மேல் இகரம் ஏறுமா என்று முதலில் தயங்கினேன். பிறகு வில்லை உடையவன் வில்லி ஆவது நினைவுக்கு வந்தது. எனவே காவலி இலக்கணப்படி நிற்கும், ஏற்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் காவல் என்றதும் காவல் நிலையம்தான் கண்முன் வரும். "காவலில் உள்ள கம்பி" என்று படித்தால் பிள்ளைகள் வேறு எதையோ நினைப்பார்கள்.

அனுப்பியவர்: நூலகர், பினாங்கு

வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா. குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள்.

இன்சுலேஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன் இன்சுலா, அதற்குத் தீவு என்று பொருள். கடத்தியைச் சுற்றி நீர் சூழ்ந்த தீவு போல ஆக்குவது. நான் தீவில் வாழ்கிறவன், அதனால் இந்த வேர் எனக்கு மிகவும் பிடிக்கும். தமிழில் ஆற்றுக்கு நடுவே உள்ள தீவுக்கு அரங்கம் என்றும் துருத்தி என்றும் பெயர் உண்டு. திருவரங்கம், திருப்பூந்துருத்தி. இப்போது பாருங்கள்: கொல்லன் உலையில் காற்றூதும் தோல் கருவிக்கும் துருத்தி என்றே பெயர். தீவு, தோல் என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கூடியிருக்கின்றன. லத்தீனில் தீவு மட்டும்தான் உண்டு, தமிழில் மதுரை அண்ணன் சொன்ன தோலும் சேர்ந்தே கிடைக்கிறது. "துருத்தியிட்ட கம்பி" என்று சொல்லிப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துக்கும் இன்சுலேஷனுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் மலாயாக் காடுகளிலிருந்து போனது. மலாய் மொழியில் கெத்தா என்றால் மரப்பிசின். அதைச் சூடாக்கிக் கம்பிமேல் பூசித்தான் 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடித் தந்தி வடம் போட்டார்கள். கடல்நீர் புகாமல் அவ்வளவு காலம் நின்ற பொருள் அப்போது வேறு கிடையாது. அந்த மரங்களை வெட்டி வெட்டியே பல காடுகளில் அந்த மரமே அரிதாகிவிட்டது. இதையும் பிள்ளைகளுக்கு ஒரு வரி சொல்லுங்கள்.

அனுப்பியவர்: வயரிங் ஒப்பந்ததாரர், மதுரை

கட்டாபெர்ச்சா கதைக்கு நன்றி தம்பி, அது எனக்குப் புதிது. ஆனால் துருத்தி வேண்டாம். துருத்திக்கொண்டு நிற்கிறது என்றால் வயர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் தினமும் திட்டுகிற விஷயமே அதுதான்.

அனுப்பியவர்: ஐடிஐ பயிற்றுநர், தூத்துக்குடி

எல்லாருக்கும் நன்றி. புதன்கிழமை ஆகிவிட்டது, நான் ஒரு பக்கம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.

"உறை" பிடித்திருந்தது. நரம்பணுவின் மேல் இருக்கும் மயலின் உறையை உயிரியலில் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். ஆனால் கடையில் வாங்கிய வயர்ப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கோர் வயர் (உள்ளே ஒரே ஒரு கடத்தி உள்ளது) இன்சுலேட்டட், ஆனால் அன்ஷீத்டு, அதாவது இன்சுலேஷன் உண்டு, ஷீத் இல்லை. இரண்டுக்கும் உறை என்றால் "உறையிட்ட, உறையில்லாத கம்பி" என்று எழுத வேண்டி வரும். ஆகவே உறையை ஷீத்துக்கே விட்டுவிடுகிறேன். நிலத்தடியில் புதைக்கும் கவச வடத்தில் கடத்தி, இன்சுலேஷன், உள்ளுறை, எஃகுக் கவசம், வெளியுறை என்று அடுக்கடுக்காக வருவதால் அங்கும் அது சரியாகப் பொருந்துகிறது.

"மின்தடையுறை" என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். மின்தடை என்றால் எங்கள் வகுப்பில் ஓம் கணக்கு, ஊரில் கரண்ட் கட். மூன்றாவது பொருளை அதன் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

எனவே என் முடிவு இப்படி: இன்சுலேஷனுக்கு "மின்காப்பு", மின்காப்பிட்ட கம்பி. ஷீத்துக்கு "மேலுறை". எர்த்துக்கு "நிலக்கம்பி". வெறும் "காப்பு" என்ற சொல் குறிப்பில் எங்கும் தனியாக வராது. அதைத் தேடித் தேடி நீக்கிவிட்டேன், 31 இடத்தில் இருந்தது. முதல் தடவை வரும் இடத்தில் மதுரை அண்ணாச்சி சொன்னபடி "இன்சுலேஷன் என்று கடையில் சொல்வது" என்றும் சேர்த்திருக்கிறேன்.

அனுப்பியவர்: இயற்பியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

அவசரம் புரிகிறது ஐயா. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உங்கள் பையன் நாளை பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் படித்தால் மின்காப்பு மின்தேக்கிக்குள் இருக்கும். காப்பு என்ற வேரை வைத்துக்கொண்டு எத்தனை முன்னொட்டுப் போட்டாலும் ஒருநாள் அது பழைய குழப்பத்தைத் திரும்பக் கொண்டுவரும். காவலி ஏன் உங்களுக்கு அந்நியமாகத் தெரிகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

மின்காப்பு போதும் தம்பி, நானும் ஒப்புகிறேன், முழு மனதோடு இல்லை. ஆனால் நிறத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே? நீல வயர் விஷயம் எனக்கே குழப்பமாக இருக்கிறது.

அனுப்பியவர்: வயரிங் ஒப்பந்ததாரர், மதுரை

ஐயா கேட்டது ரொம்ப முக்கியம். மூன்று பேஸ் வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றிலும் கரண்ட் இருக்கும், கறுப்புதான் நியூட்ரல். ஆனால் மிக்ஸி, அயர்ன் பாக்ஸோடு வரும் வளையும் வயரில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். ஆக ஒரு வீட்டுக்குள்ளேயே நீலம் ஓர் இடத்தில் உயிர்க்கம்பி, இன்னோர் இடத்தில் நியூட்ரல். பழைய வீடு என்றால் யார் என்ன நிறம் போட்டார்கள் என்றே தெரியாது. நிறத்தை நம்பாதே, டெஸ்டரை வைத்துப் பார் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். இதற்கு எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம்.

அனுப்பியவர்: ஐடிஐ பயிற்றுநர், தூத்துக்குடி

போட்டுவிட்டேன் அண்ணாச்சி, பக்கத்தின் உச்சியில்.

அம்மா, உங்கள் மறுப்பை மறக்கமாட்டேன். குறிப்பின் கடைசிப் பக்கத்தில் "இலங்கையில் இதைக் காவலி என்பார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் இடம் மாறினாலும் மாறலாம்.

ஒன்று மட்டும் பாக்கி. மூன்று கோர் வயரில் "கோர்" என்பதற்கு முப்புரிநூல் போலப் "புரி" என்று போடலாமா? கயிற்றுக்கு இரண்டு புரி, மூன்று புரி என்கிறோமே. ஆனால் ஒரே கோருக்குள் முறுக்கிய மெல்லிய செம்புக் கம்பிகளை எங்கள் பையன்கள் ஏற்கெனவே பிரி என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் யாராவது சொன்னால் மாற்றிவிடுகிறேன். இல்லையென்றால் "கோர்" என்றே போகட்டும்.