போக்கர்: 36 சதவீதம் வாய்ப்பு இருந்தும் கொட்டை கரைகிறது, கணக்கில் எங்கே ஓட்டை?

ஏற்காடு மிளகு
வணக்கம். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் மழை பிடித்துக்கொண்டால் நாலைந்து பேர் உட்கார்ந்து டெக்சாஸ் ஹோல்டம் ஆடுவோம். காசு கிடையாது, ஆளுக்கு 200 புளியங்கொட்டை. எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது.

கையில் ஆட்டின் 9, ஆட்டின் 8. ஃப்ளாப்பில் (தரையில் முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டு) ஆட்டின் கிங், ஆட்டின் 4, ஸ்பேட் 2. நடுவில் 40 கொட்டை, எதிராளி 20 போட்டார். இன்னொரு ஆட்டின் விழுந்தால் எனக்கு ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. மிச்சம் 9 ஆட்டின், அதை 4-ஆல் பெருக்கினால் 36 சதவீதம். நான் 20 போட்டால் மொத்தம் 80, அதாவது 25 சதவீத வாய்ப்பு இருந்தால் போதும். கால் பண்ணினேன், அதாவது அவர் போட்ட அளவே நானும் போட்டேன். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) கிளாவர் ஜாக். அவர் 40 போட்டார். நானும் போட்டால் 160, மறுபடி 25 சதவீதம்தான் வேண்டும் என்று திரும்பவும் கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஆட்டின் வரவில்லை. ஒரு ஆட்டம் போனது பெரிதில்லை. இந்த மாதிரி இடங்களில்தான் தொடர்ந்து இறங்குகிறது. எங்கே உதைக்கிறது?

சூரமங்கலம் சீட்டு
தம்பி, அந்த 25 சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். 36-தான் தப்பான இடத்தில் நிற்கிறது. 4-ஆல் பெருக்குவது இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டிய நேரத்துக்கு. அதிலும் ஒரே தடவை கட்டிவிட்டு இரண்டையும் பார்க்க முடிந்தால்தான், அதாவது ஃப்ளாப்பிலேயே யாராவது ஆல்-இன் (கையிருப்பு முழுவதையும் போடுவது) போயிருந்தால்தான், அந்த எண் முழுசாக உங்களுடையது. உண்மையில் அது 35.

டர்னுக்கு அப்புறம் வருவது ஒரே சீட்டு. கையில் 2, தரையில் 4, கண்ணில் படாதது 46. அதில் 9 ஆட்டின், 19.6 சதவீதம். ஒரு சீட்டுக்கு 2-ஆல் பெருக்குங்கள், 18 வரும், கிட்டத்தட்ட சரி. 20-கூட இல்லாத வாய்ப்புக்கு 25-க்கான விலை கொடுத்திருக்கிறீர்கள். ஃப்ளாப்பிலும் இதே கதைதான்: அடுத்த ஒரு சீட்டுக்கு 47-ல் 9, 19 சதவீதம். 20 கட்டினீர்கள், டர்னில் மறுபடி 40 கேட்டார்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு டீச்சர்
அண்ணா சொன்னது சரி, ஆனால் அதை வைத்து உடனே ஃபோல்டு (சீட்டைக் கவிழ்த்து விலகுவது) என்று முடிக்க வேண்டாம். ஆட்டின் விழுந்த பிறகு அவரிடமிருந்து இன்னும் வாங்க முடியுமா என்று பாருங்கள், இம்ப்ளைட் ஆட்ஸ் என்பது அதுதான். உங்கள் டர்னையே எடுத்துக்கொள்வோம். வராத சீட்டு 37, வரும் சீட்டு 9, ஒன்றுக்கு நாலுக்குச் சற்று மேல். 40 கட்டினால் சராசரியாகக் கை கடிக்காமலிருக்க, ஜெயிக்கும்போது 164 வர வேண்டும். நடுவில் 120 இருக்கிறது. மிச்சம் 45 கொட்டையாவது ரிவரில் அவர் கொடுப்பாரா? கொடுப்பார் என்றால் கால் தப்பில்லை. அவர் கையிருப்பே 30-தான் என்றால் யோசிக்காமல் சீட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

சூரமங்கலம் சீட்டு
டீச்சர், கணக்கு சுத்தம். ஆனால் தரையில் மூன்று ஆட்டின் தெரிந்தால் எதிராளிக்கும் கண் இருக்கிறதே, 45 அவ்வளவு சுலபமாக வராது. இன்னொன்று, 9-ம் 8-ம் சின்ன ஃப்ளஷ். எதிரில் ஆட்டின் ஏஸோடு இன்னொரு ஆட்டின் இருந்தால் நீங்கள் ஃப்ளஷ் அடித்துத்தான் பெரிதாக இழப்பீர்கள். அவரிடம் மூன்று கிங் சேர்ந்திருந்தால் ஆட்டின் 2-ம் ஆட்டின் ஜாக்கும் உங்களுக்கு உதவாது. தரையில் ஜோடி விழுந்து அவருக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று, கூட ஒரு ஜோடி; ஃப்ளஷை விடப் பெரிது) ஆகிவிடும். அப்போது 9 இல்லை, 7-தான். வாய்ப்பு 15 பக்கம் இறங்கிவிட்டது. அவுட்ஸ், அதாவது நம்மை ஜெயிக்க வைக்கும் சீட்டுகளை, எண்ணும்போது இந்தக் கழிவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்காடு மிளகு
இப்போது புரிகிறது அண்ணா, நன்றி டீச்சர். இதையே திருப்பிக் கேட்கிறேன்: என்னிடம் ஜோடி கிங் இருந்து, எதிரில் ஃப்ளஷுக்குக் காத்திருக்கிறார் என்று தோன்றினால் டர்னில் எவ்வளவு போடுவது? எங்கள் செட்டில் நடுவில் 80 இருந்தால் பயந்து 20 போடுவார்கள்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு டீச்சர்
20 போட்டால் அவர் 120-க்கு 20 கட்டுகிறார், 17 சதவீதம் போதும். அவர் கையில் இருப்பது 19.6. நீங்களே மலிவாக விற்றுவிட்டீர்கள். பாதி பாட் (நடுவில் இருப்பதில் பாதி), 40 போடுங்கள், 25 கேட்கும். கட்டினால் நஷ்டம் அவருக்கு. முக்கால்வாசி போட்டாலும் தப்பில்லை. பயந்து போடும் 20 நல்ல சீட்டு வைத்திருப்பவருக்குத்தான் கெடுதல்.

புதுசு (சேலம் ஜங்ஷன்)
இதை வைத்து ஆன்லைனில் காசுக்கு ஆடலாமா?

சூரமங்கலம் சீட்டு
வேண்டாம் தம்பி. காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுத்து 2025-ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டாயிற்று. கணக்கு சரியாக இருந்தாலும் சீட்டு வரிசையாகக் காலை வாரும் நாட்கள் உண்டு. வீட்டுச் செலவுக்கான பணத்தில் அதைத் தாங்க முடியாது. கொட்டையில் ஆடிப் பழகுங்கள்.

மிளகு தம்பிக்கு இன்னொன்று: ரிவர் வந்த பிறகு அவுட்ஸ் என்ற பேச்சே கிடையாது. அங்கே அவர் பாதி பாட் போட்டால், நாலில் ஒரு தடவையாவது அவர் ஏமாற்றுகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் செட்டில் யார் எப்போது ஏமாற்றுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.