30-க்கு 27: மறதி நோய்ச் சோதனைகளில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள்

தேவகோட்டை அன்பர் எழுதியது:

எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) இப்போது 79 வயது. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மதுரையில் உறவினர் ஒருவரின் ஜவுளிக் கடையில் நாற்பது ஆண்டுகள் கணக்குப் பார்த்தவர். ஐந்தொகை எடுக்கும்போது ஒரு ரூபாய் உதைத்தாலும், விடிய விடிய உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்த பிறகுதான் எழுந்திருப்பார். அப்படிப்பட்டவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்றில் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் மொய் எழுதினார். அதை நாங்கள் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டோம். ஆத்தா (அம்மா) மட்டும் சிரிக்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியதைச் செலவுப் பக்கத்தில் எழுதுகிறார் என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார்.

மருத்துவமனை ஒன்றில், நினைவையும் அறிவாற்றலையும் அளக்கும் எம்.எம்.எஸ்.இ. என்னும் சோதனையைச் செய்தார்கள். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், எந்த மாவட்டம் என்று கேட்டுவிட்டு, 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். ஐந்து முறை கழித்து 65-இல் நின்றால் போதும். அப்பச்சியோ யாரும் தடுப்பதற்குள் 2 வரைக்கும் இறங்கிவிட்டார். மொத்தம் 30-க்கு 27 வந்தது. 24-க்கு மேல் இருப்பதால் பயமில்லை, வயதுக்குரிய மறதிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தாளை ஓராண்டு கழித்துத்தான் நான் முழுமையாகப் படித்தேன். போன மூன்று மதிப்பெண்களும் ஒரே இடத்தில் போயிருந்தன. மூன்று சொற்களைச் சொல்லி, சில நிமிடங்கள் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்கும் பகுதி அது. அந்தச் சோதனையில் சற்று முன்பு கேட்டதை நினைவுகூர்வதற்கு உள்ள மதிப்பெண்ணே மூன்றுதான். அதாவது எங்கள் அப்பச்சி அந்தப் பகுதியில் ஒன்றுகூடப் பெறாமல், மற்ற அனைத்திலும் முழு மதிப்பெண் பெற்று 27 வாங்கியிருக்கிறார். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை.

பிறகு மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் முதலில் அப்பச்சியைச் செவிலியருடன் வெளியே அனுப்பிவிட்டு, ஆத்தாவிடம் பேசினார். பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இன்று பணத்தைக் கையாள்வது எப்படி இருக்கிறது, அண்மையில் நடந்தவற்றை நினைவில் வைப்பது எப்படி இருக்கிறது என்று 16 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மாற்றமே இல்லையென்றால் 3, மிகவும் மோசமாகிவிட்டது என்றால் 5. கட்டினவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் குறை சொல்வதா என்று ஆத்தா முதலில் தயங்கினார். அப்பச்சி அறையில் இருந்திருந்தால், ஆத்தா எல்லாக் கேள்விக்கும் "அதெல்லாம் நன்றாக இருக்கிறார்" என்றே சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சராசரி 4-ஐத் தாண்டியது.

அதன் பிறகு மோகா என்னும் சோதனை. இதுவும் 30 மதிப்பெண்தான், ஆனால் பிடி வேறு. எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்க வேண்டும், கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும், பதினொரு மணி பத்து நிமிடம் காட்டும் கடிகாரம் வரைய வேண்டும், ஐந்து சொற்களை நினைவில் வைக்க வேண்டும். அப்பச்சி வட்டத்தை அழகாகப் போட்டு, எண்களையும் சரியாக எழுதி, முட்களில் ஒன்றைப் பதினொன்றிலும் மற்றொன்றைப் பத்திலும் நிறுத்தினார். ஐந்து சொற்களில் ஒன்றும் திரும்ப வரவில்லை. கழித்தல் கணக்கில் மட்டும் முழு மதிப்பெண். 18 வந்தது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் படிக்காதவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டும் விதிப்படி 19 ஆயிற்று. இதில் 26-உம் அதற்கு மேலும்தான் இயல்பு. தைராய்டு, பி12 இரத்தப் பரிசோதனைகளும் மூளை ஸ்கேனும் எடுத்த பிறகே அல்சைமர் என்று மருத்துவர் சொன்னார்.

காரைக்குடி அன்பர் எழுதியது:

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. அப்பத்தாவுக்கு 83 வயது. பள்ளிக்கூடம் போனதில்லை, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. ஐயா (தாத்தா) காலமான பின்பு பேச்சு குறைந்து, சாப்பாடும் குறைந்ததால், சித்தப்பா அவரை அதே எம்.எம்.எஸ்.இ. சோதனைக்கு அழைத்துச் சென்றார். 30-க்கு 16 என்று எழுதி, முற்றிய மறதி நோய் என்ற முடிவோடு அனுப்பினார்கள்.

நான் உடன் இருந்தேன். எழுதியிருந்ததைப் படித்து அதன்படி செய்வது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது, ஏழு ஏழாகக் கழிப்பது ஆகிய இந்த நான்கிலும் அவருக்குச் சுழியம். அவற்றுக்கு மட்டுமே 8 மதிப்பெண். மற்ற எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லியிருந்தாலும் 22-தான் வந்திருக்கும், அதுவும் 24-க்குக் கீழேதான். எழுதுகோலையே பிடித்திராத கைக்கு ஐங்கோணம் எதற்கு என்று அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

தேதி கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கார்த்திகைத் தீபம் கழிந்து பதினாலு ஆச்சு, இன்னும் ஏழு இழை பாக்கி." பிள்ளையார் நோன்புக்கு நாளொன்றுக்கு ஒரு நூலாக 21 நாள் இழை சேர்ப்பவர்கள் யாரும் இதைக் குழப்பம் என்று சொல்லமாட்டார்கள். சோதனை செய்த இளைஞருக்கு ஆங்கிலத் தேதியும் ஆண்டும் தேவைப்பட்டதால் தவறு என்று குறித்துக்கொண்டார். இன்னொன்றும் உண்டு, அப்பத்தாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, அந்த இளைஞர் உட்கார்ந்திருந்ததோ இடப்பக்கம். "மணி" என்றது அவருக்குப் "பனி" என்று விழுந்தது.

வேறு ஒரு முதியோர் நல மருத்துவர், படிக்காதவர்களுக்கென்று மாற்றியமைத்த கேள்விகளைப் பயன்படுத்தினார். கழித்தலுக்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். படித்துச் செய்வதற்குப் பதிலாக "நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள், ஆச்சி" என்று கண்களை மூடிக் காட்டினார். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அப்பத்தா முகப்பில் தொடங்கி, வளவுத் தூண்கள், இரண்டாம் கட்டு, யாருக்கு எந்த அறை என்று போய்க்கொண்டே இருந்தார், நாங்கள்தான் நிறுத்தச் சொன்னோம். முதியோருக்கான 15 கேள்வி மனச்சோர்வு அளவையில் மட்டும் அவருக்கு 9 வந்தது, அதாவது மனச்சோர்வு இருந்தது. இப்போது அதற்கு மருந்தும், காதுக்குக் கருவியும் உண்டு. இந்த ஆண்டு இழை எண்ணியதும் அவரேதான்.

ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர், காரைக்குடி:

இரண்டு பகிர்வுகளையும் படித்தேன். கருவியைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்.எம்.எஸ்.இ.யை 1975-இல் ஃபோல்ஸ்டீன் இணையரும் மெக்ஹ்யூவும் வெளியிட்டது, நோயாளியின் அறிவாற்றல் நிலையைப் படுக்கையருகிலேயே அளந்து பார்க்கும் எளிய வழியாகத்தான். அந்த ஒரு தாளே நோய் முடிவாக மாறியது பயன்படுத்தியவர்களின் அவசரத்தால் நேர்ந்தது. மோகாவை நஸ்ரெத்தின் குழுவினர் 2005-இல் வெளியிட்டார்கள். தொடக்கநிலைச் சரிவைப் பிடிப்பதே அதன் நோக்கம் என்பதால், தேவகோட்டை அன்பரின் அப்பச்சியைப் போன்றவர்களை அது பிடித்துவிடும், ஆனால் படிக்காதவர்களை இன்னும் கடுமையாகத் தண்டிக்கும்.

காரைக்குடி அன்பர் சொன்ன மாற்றங்கள் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுத்தறியாத முதியவர்களுக்காக உருவாகி, 1995-இல் வெளியான இந்திச் சோதனையின் வழிவந்தவை. நம் தமிழ்நாட்டிலும் சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும் 10/66 என்ற ஆய்வுக் குழு வேலை செய்தது. மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கே நடக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. முதியவரிடம் கேட்பதையும் வீட்டாரிடம் கேட்பதையும் சேர்த்தே முடிவெடுப்பது அவர்களின் முறை.

நான் பணியில் இருந்தபோது செய்தவற்றையும் சொல்கிறேன். கண்ணாடியும் காதுக் கருவியும் இல்லாமல் யார் வந்தாலும் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். முதியவரைக் காலையில், பசியாறிய பிறகு உட்காரவைப்பேன். பதிலை எடுத்துக்கொடுக்கும் மகனையோ மருமகளையோ முகப்பிலேயே நிறுத்திவிடுவேன். நம் ஊரில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை.

தேவகோட்டை அன்பர் மீண்டும்:

செவிலியர் அம்மா அவர்களுக்கு நன்றி. சென்ற மாதம் மருத்துவர், மறதி நோயின் தீவிரத்தைக் காட்டும் சி.டி.ஆர். என்னும் அளவையில் அப்பச்சியை 1 என்று குறித்தார். அது 0, 0.5, 1, 2, 3 என்று ஏறும் அளவை; நினைவு, இடம்-காலத் தெளிவு, தீர்மானிக்கும் திறன், வெளி விவகாரம், வீட்டு வேலை, தன்னைக் கவனித்துக்கொள்ளுதல் என ஆறையும் எங்களிடமும் அவரிடமும் தனித்தனியே கேட்டுத்தான் தருகிறார்கள். 1 என்பது இலேசான நிலை. மொய்ப் பணத்தை இப்போது ஆத்தா கொடுக்கிறார், அப்பச்சி பெயரை மட்டும் சொல்கிறார். அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து. அதே சொற்கள் பழகிவிடக் கூடாது என்பதால் மோகாவின் வேறொரு படிவத்தை எடுப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். பழைய தாள்கள் அனைத்தையும் அப்பச்சியின் பேரேடுகளோடு ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன்.