பழ ஈயின் சென்ட்ரியோலில் மூன்றாவது குழல் எங்கே?

கேள்வி:
மூன்று நாளாக ட்ரோசோபிலா (பழ ஈ) முட்டைக்குள் வளரும் கருவின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் சென்ட்ரியோல் (செல்லுக்குள் நுண்குழல்களால் ஆன சிறு உருளை) என்றால் வட்டமாக ஒன்பது மும்மை நுண்குழல்கள், அதாவது மூன்று மூன்றாக ஒட்டிய குழல்கள். என் குறுக்குவெட்டிலோ ஒன்பதும் இரட்டைதான். வெட்டிய கோணம் சரியில்லையோ என்று மறுபடி வெட்டினேன், அதே இரட்டை. மாதிரியைக் கெடுத்துவிட்டேனா?

பதில் 1:
கெடுக்கவில்லை, சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்! பழ ஈயின் கருவில் இரட்டைக் குழல்தான் இயல்பு. நீளமும் சுமார் 0.2 மைக்ரோமீட்டர்தான், மனித சென்ட்ரியோல் அரை மைக்ரோமீட்டர்வரை போகும். நடுவில் வண்டிச்சக்கரம் போன்ற அமைப்பு தெரிகிறதா? சாஸ்-6 புரதம் கட்டுவது. மனித செல்லில் அது செல்பிரிவின்போது கழன்றுவிடும், ஈயில் நிலைத்திருக்கும்.

பதில் 2:
அதே ஈயின் விந்தகத்தையும் வெட்டிப் பாருங்கள். விந்தணுத் தாய்ச்செல்களில் மும்மை இருக்கிறது, நீளமும் பல மடங்கு. மற்ற உயிர்களில் மும்மை கட்டத் தேவைப்படும் டெல்டா, எப்சிலான் ட்யூபியூலின் (நுண்குழல் புரத வகைகள்) மரபணுக்கள் இல்லாத ஈ இது, ஆனாலும் மும்மை கட்டுகிறது! எனக்கு இன்றும் வியப்புதான். சியாரா என்ற சிறு ஈயின் இனச்செல்களில் ஒன்பது என்ற கணக்கே உடைகிறது: 60 முதல் 90 ஒற்றைக் குழல்கள்.

கேள்வி கேட்டவர்:
சக்கரம் இருக்கிறது, ஆரங்களைக்கூட எண்ண முடிகிறது. சென்ட்ரியோலே இல்லாமல் ஈ வளருமா?

பதில் 1:
வளரும். சென்ட்ரியோல் உருவாகத் தேவையான சாஸ்-4 புரதம் இல்லாத ஈக்கள் முழு ஈயாகவே வெளிவரும் என்று 2006இல் காட்டினார்கள். ஆனால் உணர்வு நரம்புகளில், சென்ட்ரியோலிலிருந்து வளரும் சிலியா என்ற நுண்ணிய மயிர் போன்ற நீட்சிகள் இரா. அதனால் உடல் அசைவு ஒருங்கிணையாமல் சீக்கிரமே இறந்துவிடும்.