அம்மா வீட்டிலை உக்ரைன் குடும்பம்: பென்சனை வெட்டுவினமோ?

கேள்வி:
அம்மாவுக்கு 74 வயது, இங்கிலாந்திலை சொந்த வீட்டிலை தனிய இருக்கிறா. ஸ்டேட் பென்சன், பென்சன் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச முதியவைக்கு அரசு குடுக்கிற கூடுதல் காசு), தனிய இருக்கிறதாலை கவுன்சில் வரியிலை 25% கழிவு மூண்டும் வருது. ஹோம்ஸ் ஃபோர் உக்ரைன் (போராலை வந்த உக்ரைன் ஆக்களை வீட்டிலை வைச்சிருக்கிற) திட்டத்திலை ஒரு தாயையும் மகளையும் வைச்சிருக்கப் போறா. அதுக்குக் கவுன்சில் மாசம் குடுக்கிற 350 பவுண்ஸை வருமானமா எடுப்பினமோ?

பதில் 1:
ஸ்டேட் பென்சனுக்கு ஒரு பயமும் இல்லை. அது வருமானம் பாத்துக் குடுக்கிறதில்லை. பென்சன் கிரெடிட்தான் பாக்கும், ஆனா இந்த 350-ஐ அதிலை சேர்க்கமாட்டினம். வரியும் இல்லை. 25% கழிவும் நிக்கும், விருந்தாளியளைத் தலைக்கணக்கிலை எடுக்கிறதில்லை. வீட்டுக்கு ஒரு 350தான், ரெண்டு பேர் எண்டு 700 வராது. முன்னம் ஒரு வருசம் கழிய 500 ஆனது. 2025 ஏப்ரலிலை இருந்து எல்லாருக்கும் 350.



கேட்டவர்:
கரண்ட் பில் ஏறுமே. அவை ஏதும் தந்தா வாங்கலாமோ?

பதில் 2:
வாங்கலாம். தண்ணி, காஸ், கரண்ட் பாவிச்ச அளவுக்கு நியாயமான பங்கு மட்டும். பில் கொப்பியிலை பங்கை எழுதி வையுங்கோ. சறுக்கிற இடம் இதுதான்: மாசாமாசம் ஒரே தொகையை வங்கியிலை போட்டு, குறிப்பிலை "ரென்ட்" எண்டு அடிச்சு விடுவினம். வாடகை வாங்கினா 350 கிடையாது.

திட்டம் முடிஞ்ச பிறகு அவை வாடகைக்கு நிண்டா பென்சன் கிரெடிட் கணக்கே வேறை. ஒராள் கிழமைக்கு 80 பவுண்ஸ், சாப்பாட்டோடை எண்டு வையுங்கோ: முதல் 20-ஐக் கணக்கிலை எடுக்காமல் விடுவினம், மிச்சம் 60-இலை பாதியையும் விடுவினம், 30 வருமானம். சாப்பாடு இல்லையெண்டா 20 மட்டும்தான் கழியும், 60-உம் வருமானம்.

பதில் 1:
இன்னொண்டு தம்பி. அம்மா அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படுற முதியவைக்கான உதவிக் காசு) எடுத்து, அதாலை பென்சன் கிரெடிட்டிலை கடும் இயலாமைக் கூடுதல் தொகையும் வருதெண்டா, அது தனிய இருக்கிறவைக்கான காசு. ஆக்கள் வர முன்னமே பென்சன் சேர்விஸிட்டை (பென்சன் குடுக்கிற அரசு அலுவலகம்) கேட்டு, மறுமொழியை எழுத்திலை வாங்குங்கோ. எடுக்காட்டியும் வந்த உடனை அறிவியுங்கோ: "ஹோம்ஸ் ஃபோர் உக்ரைன் விருந்தாளியள் 2 பேர், வாடகை இல்லை", வந்த திகதி. அவ்வளவும் போதும்.