பட்டியலில் வந்த பெண் உறுப்பினர்கள் சபையில் என்ன செய்கிறார்கள்?

கடற்காற்று:
திருகோணமலை மாவட்டத்தில் எங்களுடையதும் ஒரு பிரதேச சபை. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்குப் படலையில் ஆள் நிற்கும். போன கிழமை மாதாந்தக் கூட்டம் பார்க்கப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். வட்டாரத்தில் வெல்லாமல் கட்சி கொடுத்த பட்டியல் வழியே வந்த பெண் உறுப்பினர்களில் ஒருவர் வரவே இல்லை, வீட்டில் ஏதோ அலுவலாம். இன்னொருவர் கூட்டம் முடியும்வரை வாயே திறக்கவில்லை. மூன்றாமவர் ஒரு கிறவல் வீதியைப் பற்றிக் கேட்டார், அந்தக் கடதாசியை வாசலில் நின்ற கணவர் கொடுத்தனுப்பியதை நான் கண்ணால் கண்டேன். 25 வீதம் பெண்கள் என்று சட்டம் கொண்டுவந்தது இதற்குத்தானா? வீட்டு வேலை, பிள்ளை, சமையல் என்று காரணம் சொல்கிறார்கள். சரி, அப்படியென்றால் வேட்புமனுவில் ஏன் கையெழுத்து வைத்தீர்கள்? கூட்டம் மாதத்தில் ஒரு நாள், காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிகிறது. விடிய ஐந்து மணிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறுகிற பிள்ளைகளும் சமைத்து வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

கொத்துரொட்டி:
கணவர் வாசலில் நிற்கிறார் என்றால் பக்கத்தில் மோட்டார் சைக்கிளும் நிற்கும், பார்த்தீர்களா அண்ணே? சாரதியையும் தவிசாளரையும் குழப்ப வேண்டாம்.

வயல்வரம்பு:
கடற்காற்று சொல்வதில் பிழை இல்லை. எங்கள் பக்கம் 2018 இல் பட்டியல் நிரப்ப ஆள் தேடி அலைந்த கதை எல்லோருக்கும் தெரியும். யாருடைய மச்சாள், யாருடைய தங்கச்சி, அடையாள அட்டை இருக்கிறதா, கையெழுத்து வை. அவ்வளவுதான் தகுதி. தமிழ்நாட்டில் 2016 இல் 50 வீதம் என்று சட்டம் செய்தார்கள், அங்கேயும் ‘தலைவியின் வீட்டுக்காரர்’ என்று சட்டத்தில் இல்லாத ஒரு பதவி நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோட்டாவில் வந்தால் இப்படித்தான்.

முன்னாள் லிகிதர்:
பிரதேச சபைக் கந்தோரில் நீண்ட காலம் வேலை செய்தவன், அதனால் சிலவற்றை நேராகச் சொல்கிறேன். இந்த 25 வீதத்தைக் கொண்டுவந்த 2016 திருத்தச் சட்டத்துக்கு முன்னர் நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் 2 வீதம்கூட இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் முதல் தேர்தல் 2018 பெப்ரவரி 10 இல் நடந்தது. வட்டாரத்துக்கான வேட்பாளர்களில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் 50 வீதமும் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த 10க்கும் 50க்கும் இடையில்தான் விளையாட்டு. வெல்லக்கூடிய வட்டாரத்தை ஆணுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணின் பெயரைப் பட்டியலில் போட்டார்கள். அதனால் வந்த பெண்களில் பெரும்பாலானோர் பட்டியல் வழியே வந்தார்கள். பட்டியலில் வந்தவருக்கு வட்டாரம் இல்லை. வேலைத்திட்டம் பிரிக்கும்போது ‘உங்களுக்கு எந்த வட்டாரம்’ என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? வீதியும் விளக்கும் வட்டாரக்காரரின் கணக்கில் போகும், இவருக்குக் கதிரை மட்டும் மிஞ்சும்.

இன்னொன்று. வரவுசெலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்றால் தவிசாளர் பதவி போகக்கூடும். அதனால் அந்த வாக்கெடுப்பு நாளில் கட்சியே வான் அனுப்பிப் பெண் உறுப்பினர்களை வீட்டிலிருந்து ஏற்றிவரும். மற்றப் பதினொரு மாதமும் அந்த வானைக் கண்டதில்லை.

கடற்காற்று:
லிகிதர் ஐயா, அது கட்சியின் குற்றம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதிரை கிடைத்த பிறகு வாயைத் திறப்பது அவர்கள் கையில்தானே? அதையும் கட்சியா பூட்டி வைத்திருக்கிறது?

இரண்டு தவணை:
நான் அப்படி ஒரு கதிரையில் இருந்தவள்தான், 2018 இல் பட்டியல், 2025 மே 6 தேர்தலில் வட்டாரத்தில் நின்று வென்றேன். கடற்காற்று அண்ணே, கூட்டம் மாதத்தில் ஒரு நாள் என்கிறீர்களே, அந்த ஒரு நாளில் எதுவும் முடிவாவதில்லை. எந்த வீதிக்குக் கொங்கிறீட், எந்தச் சந்தையை யாருக்குக் குத்தகை என்பதெல்லாம் முதல் நாள் இரவு யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணீரோடு பேசி முடிந்துவிடும். எட்டரைக்கு அழைப்பு வரும், ‘தங்கச்சி வாறீங்களா?’ அந்த நேரம் கடைசி பஸ்ஸும் போயிருக்கும். போனால் ஊர் ஒன்று சொல்லும், போகாவிட்டால் நீங்கள் ‘வாய் திறக்கவில்லை’ என்று எழுதுவீர்கள். அடுத்த நாள் காலை கையை உயர்த்த மட்டும்தான் எங்களுக்கு இடம்.

வீட்டைப் பற்றியும் சொல்கிறேன். விடியப்புறம் நாலரைக்கு எழும்பி இடியப்பம் பிழியும்போதே போன் அடிக்கத் தொடங்கும். அழைப்பவர்களில் பாதிப் பேருக்குச் சபையோடு சம்பந்தமே இல்லாத அலுவல். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணப் பட்டியலில் பெயர் இல்லை, நுண்கடன்காரன் வாசலில் குந்தியிருக்கிறான், புருஷன் குடித்துவிட்டு அடித்துவிட்டான். ஆண் உறுப்பினரிடம் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள், என்னிடம் சொல்வார்கள். ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரவு பொலிசுக்குப் போனது எந்தக் கூட்டறிக்கையிலும் இல்லை. மாரியில் வெள்ளம் வந்தால் ஊருக்குத் தறப்பாள் கேட்டு ஓடவேண்டும், அதே நேரம் என் குசினிக் கூரையும் ஒழுகும்.

முதல் தவணையில் கொடுப்பனவு மாதம் 15,000 ரூபா. 2022 ஜூன் கடைசியில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபா ஆனபோதும் அதே 15,000தான். காஸ் வரிசையில் சிலிண்டரோடு நின்றேன், ‘மெம்பரும் வரிசையா’ என்று சிரித்தார்கள். 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது, இரண்டு வருஷம் நான் யாருமில்லை, கொடுப்பனவும் இல்லை. படலையில் தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

கொத்துரொட்டி:
காஸ் வரிசையில் நானும் நின்றேன் அக்கா, என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான் மெம்பர் இல்லை என்பதால் இருக்கும்.

வயல்வரம்பு:
அக்கா, கோபிக்க வேண்டாம், ஒன்று கேட்கிறேன். நீங்கள் சபைக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்? அம்மா என்றுதான் சொல்வீர்கள். அப்படியென்றால் உங்கள் பதவியைச் சுமப்பது உங்கள் அம்மா. அம்மா இல்லாதவள் எப்படி உறுப்பினர் ஆவாள்?

இரண்டு தவணை:
இது சுட்டது தம்பி, ஆனால் உண்மை. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாக வருவது, கட்டினவர் வந்து சேர்வது. அதனால் அம்மா பக்கத்து வளவில் இருக்கிறா. வீடு என் பேரில் என்று பெருமையாகச் சொல்கிறோம், கூடவே குசினியும் என் பேரில்தான் எழுதியிருக்கிறது போல. 2021 இல் அம்மா விழுந்து கால் முறிந்தபோது இரண்டு கூட்டத்துக்கு நான் போகவில்லை. ‘வீட்டு வேலையாம்’ என்று ஒரு உறுப்பினர் சபையிலேயே நக்கல் அடித்தார். அதே ஆள் வேளாண்மை வெட்டுக்கு இரண்டு கிழமை வயலில் கிடந்து கூட்டத்துக்கு வராதபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வயல் வேலை என்றால் தொழில், தாயைத் தூக்கிக் குளிக்க வார்த்தால் வீட்டு வேலை.

முன்னாள் லிகிதர்:
வரவுப் பதிவேட்டை நான் எழுதியவன். எண்ணிப் பார்த்து வைக்கவில்லை, ஆனால் வெட்டுக் காலத்திலும் கலியாண மாதங்களிலும் காலியாகக் கிடந்த கதிரைகள் பெரும்பாலும் ஆண்களுடையவை. பெண்கள் வராத நாள் மட்டும் கண்ணில் படும், ஏனென்றால் இருப்பதே இரண்டு மூன்று பேர். அப்புறம், கடற்காற்று கவனிக்க: ஆண்கள் கேள்வியை வாயால் கேட்டுவிட்டு இருந்துவிடுவார்கள். நான் கண்ட பெண்களில் சிலர் கடதாசியில் எழுதிக் கொடுப்பார்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும், எழுதிக் கொடுத்ததைப் பதிவில் சேர்த்துப் பதில் வாங்குவது எங்களுக்கு எளிது. கணவர் கொடுத்த கடதாசி என்று பார்த்தீர்களே, அதை எழுதியது யார் என்று பார்த்தீர்களா?

கடற்காற்று:
பார்க்கவில்லை, உண்மைதான். அந்தக் கடதாசி விஷயத்தை நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் கேட்டது அப்படியேதான் இருக்கிறது. இரவு விறாந்தையில் முடிவெடுக்கிறார்கள் என்று தெரிந்தும் பகலில் கையை உயர்த்தினால் அது ஒத்துப்போவதுதானே? இரண்டு தவணை அக்கா மாதிரி பத்துப் பேர் இருந்தால் சரி. என் சபையில் நான் கண்டது அந்த மாதிரி இல்லை.

இரண்டு தவணை:
முதல் தவணையில் நானும் உயர்த்தினேன். பயம்தான் காரணம். இரண்டாம் தவணையில் ஒரு தரம் கையைக் கீழேயே வைத்திருந்தேன், அடுத்த மாதம் என் வட்டாரத்துக்கு வரவேண்டிய பத்து விளக்கும் வேறெங்கோ போய்விட்டன. ஊர்ச்சனம் ஏசினது என்னைத்தான். நீங்கள் சொல்கிற துணிவுக்கு இதுதான் விலை, அதை நான் மட்டும் கொடுக்கவில்லை, இருட்டில் நடக்கிற பிள்ளைகளும் சேர்ந்து கொடுத்தார்கள்.

வயல்வரம்பு:
அப்படியென்றாலும் பட்டியல் முறையை நான் ஏற்க மாட்டேன். வட்டாரத்தில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கட்டும், அவர்கள் வாக்குக் கேட்டு வெல்லட்டும், பிறகு பார்ப்போம்.

இரண்டு தவணை:
அதற்கு நானும் வாக்குப் போடுவேன் தம்பி.

கொத்துரொட்டி:
விளக்கு என்றதும்தான் ஞாபகம் வந்தது. எங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு மாதமாக லைட் எரியவில்லை, நேற்று மாமி வடிகானில் கால் வைத்து விழப் பார்த்தா. யாரிடம் சொல்வது?

இரண்டு தவணை:
எந்தச் சபை எல்லை என்று தனியாக அனுப்புங்க. எங்களுடையது இல்லையென்றால் அங்கே இருக்கிறவவிடம் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் இலக்கம் எழுதியிருக்கும், அதையும் பார்த்து எழுதுங்க, இலக்கம் இல்லாமல் போனால் ஆள் வர மாட்டான். இப்ப உலை வைக்க வேணும், இரவு பார்க்கிறேன்.