துப்புரவு ஒப்பந்தத் தொழிலை நிலைகுலையாமல் விரிவாக்குவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அலுவலகங்களையும் சிறு மருத்துவ மையங்களையும் ஒப்பந்த அடிப்படையில் தூய்மை செய்து தரும் தொழிலை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இப்போது 11 கட்டடங்களும் 24 பணியாளர்களும் உள்ளனர். சென்ற ஆண்டு ஒரே நேரத்தில் இரண்டு பெரிய ஒப்பந்தங்களை ஏற்றதும் பழைய இடங்களைக் கவனிக்க ஆளில்லாமல் புகார்கள் பெருகின. முதல் நாளிலிருந்து உடனிருந்த வாடிக்கையாளர் ஒருவர் விலகினார். இரண்டு மாதச் சம்பளத்தைக் கடன் வாங்கித்தான் கொடுத்தேன். இந்நிலையில் ஒரு பெரிய வணிக வளாகம் அழைத்திருக்கிறது. அதை ஏற்றால் என் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ பாதி அந்த ஓரிடத்திலிருந்தே வரும். வளர வேண்டும், ஆனால் சென்ற ஆண்டின் நிலை திரும்பவும் கூடாது. எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

மறுமொழி 1

முதலில் பணம் வந்து சேரும் நாள்களைக் கணக்கிடுங்கள். வேலை தொடங்கி 30ஆம் நாள் பில் அனுப்புகிறீர்கள், வாடிக்கையாளர் 45 நாள் தவணை கேட்கிறார் என்றால், முதல் தொகை 75ஆம் நாள்தான் கைக்கு வரும். அதற்குள் 30ஆம் நாளும் 60ஆம் நாளும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே, இரண்டு மாதச் சம்பளத்தையும் தொடக்கத்தில் வாங்க வேண்டிய இயந்திரங்கள், பொருள்களின் செலவையும் கையிருப்பாக வைத்திராமல் எந்தப் பெரிய ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டாம். சென்ற ஆண்டு உங்களைக் கடனுக்குத் தள்ளியது இந்த இடைவெளியாகவே இருக்கும்.

அடுத்தது விலை. செலவு 100 என்றால் அதன்மேல் 20 சேர்த்து 120 கேட்டுவிட்டு, 20 விழுக்காடு லாபம் கிடைப்பதாகப் பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது வருமானத்தில் 16.7 விழுக்காடுதான், வருமானத்தில் 20 விழுக்காடு நிற்க வேண்டுமானால் 125 கேட்க வேண்டும். செலவு என்பதிலும் சம்பளத்தை மட்டும் எழுதாமல், விடுப்பில் செல்பவருக்கு மாற்றாக வருபவரின் ஊதியம், காப்பீடு, மேற்பார்வை நேரம், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றையும் சேர்த்த பிறகே லாபத்தைப் பற்றிப் பேச வேண்டும். வருமானத்தில் பாதி ஒருவரிடமிருந்து வருவது எனக்கு அச்சமூட்டுகிறது. அவர் விலகும் நாளில் உங்கள் ஆள்களில் பாதிப் பேருக்கும் வேலை இருக்காது.

மறுமொழி 2

மேலே உள்ள கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இந்தத் தொழிலில் வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிப்பவர் மேற்பார்வையாளர் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கட்டடத்தின் எந்த மூலையில் தூசு சேரும், எந்தக் குழாய் ஒழுகும், எந்த அறைக்குக் காலை ஏழு மணிக்கு முன்பே போக வேண்டும் என்பதெல்லாம் அங்கே வேலை செய்பவரின் தலையில்தான் இருக்கிறது. அவர் நின்றுவிட்டால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். புதியவர் அதைக் கற்கும் வரை நாம் புகார்களைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஆகவே, இருக்கும் பணியாளர்களில் பொறுப்பானவர்களை மேற்பார்வையாளர்களாக உயர்த்திப் பயிற்சி கொடுத்து, அதற்கேற்ற ஊதியமும் கொடுத்த பிறகே புதிய இடத்தைத் தேடுங்கள். ஆள் தயாராகும் முன் ஒப்பந்தம் வந்தால் தொடக்க நாளைத் தள்ளிக் கேளுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் அளந்து பாருங்கள். நாளொன்றுக்கு இரண்டரை மணி என்று விலை சொன்ன இடத்தில் மூன்று மணி ஆனால், 26 வேலைநாள்களில் 13 மணி நேரம் உங்கள் கையிலிருந்து போகிறது. அந்த அரைமணியைப் பணியாளர் ஊதியமின்றி உழைத்து ஈடுகட்டுகிறார் என்றால் அது அவருக்கு இழைக்கும் அநீதி. அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் நீடிப்பதும் இல்லை.

மறுமொழி 3

பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லி போதுமான திரவத்தை இரு மடங்கு ஊற்றினால் தரை இரு மடங்கு தூய்மையாவதில்லை. எஞ்சும் பிசுக்கில் அழுக்கு இன்னும் விரைவாக ஒட்டும், பாதத்தில் வழுக்கும். அளவுக்குடுவை கொடுத்துப் பழக்கினாலே செலவு குறையும். கழிவறைக்கு ஒரு நிறத் துணி, மேசைகளுக்கு வேறு நிறத் துணி என்று பிரித்துவிடுங்கள். மருத்துவ மையங்களில் கிருமிநாசினியைத் தெளித்த உடனே துடைத்துவிட்டால் பயனில்லை. உறையில் குறித்த நேரம் வரை பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். பிளீச்சுடன் அமிலக் கழிவறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்பதைப் புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே, அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிக்கொடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் இரண்டு கட்டடங்களில் நேரத்தை அளந்தேன். ஒன்றில் நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாக ஆகிறது. அங்கே விலையைத் திருத்தக் கேட்கப்போகிறேன். வளாகத்தில் அலுவலகத் தளங்களை மட்டும் ஏற்பதாகவும், பணத்தை 15 நாளில் தர வேண்டும் என்றும் எழுதலாமா?

மறுமொழி 1

எழுதுங்கள். அதோடு, அடிப்படைக் கூலி உயர்ந்தால் ஆண்டுதோறும் விலையைத் திருத்தலாம் என்பதையும், எவர் விலகினாலும் 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் எதையுமே ஏற்க மறுத்தால், அந்த வளாகத்தை இந்த ஆண்டு விட்டுவிடுவது நல்லது.